கடைசிப் பதினாறு பக்கங்கள்

அம்பிகா கால்னா, மேற்கு வங்கம்
24 அக்டோபர் 1988

தீதியின் பாதங்களுக்குத் தபுவின் விஜயா வணக்கம்.

விஜயதசமியன்று துர்க்கையை ஆற்றில் இறக்கி நான்கு நாளாகிறது. முதல் கடிதம் உனக்கு. இரண்டாவது யாருக்கும் இல்லை. நூலகத்துக்கு வருகிறவர்கள் மாமாவுக்கு, அத்தைக்கு, பழைய வாத்தியாருக்கு என்று பத்துப் பன்னிரண்டு விஜயா கடிதம் எழுதுகிறார்கள். என் மேசைக்கு வந்து பசை கேட்கிறார்கள். நான் டப்பாவை நகர்த்திக் கொடுக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கடுகெண்ணெயைச் சூடுபண்ணித் தேய்க்கிறாயா?

ஒரு நல்ல செய்தி. வேலை நிரந்தரமாகிவிட்டது. அக்காவான நீ எட்டாம் வகுப்போடு நின்று துலியானில் பீடி சுற்றியது, நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியது, எல்லாம் சேர்ந்து இப்போது ஒரு மர நாற்காலியாக ஆகியிருக்கிறது. கைப்பிடி இல்லாத நாற்காலி. ஆனாலும் நூலகப் பதிவேட்டில் என் பெயர் இனிமேல் மையில் இருக்கும், பென்சிலில் அல்ல.

அறை பற்றிச் சொன்னேனா? சாருபாலா மாசிமா என்று ஒரு விதவை அம்மாளின் வீட்டு மாடி. கதவைச் சாத்தினால் யாரும் தட்டுவதில்லை. ஞாயிறு முழுவதும் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டுத் திங்களன்று வாயைத் திறந்தால் குரல் கரகரக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. புத்தகங்கள் இருக்கின்றன.

கடிதத்தை நூலக முகவரிக்கே போடு.

உன் கால் தூசியைத் தலையில் வைத்துக்கொண்டு,
தபு


லம்டிங், ரயில்வே குடியிருப்பு, அசாம்
9 நவம்பர் 1988

என் தபுவுக்கு விஜயா ஆசி. நூறு வயது இரு, பல் முழுவதும் இருக்க.

நிரந்தரம் என்று படித்ததும் தேங்காய் உருண்டை பிடித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். என் ஓரகத்தி அலகா, "எதுக்கு தீதி ரேஷன் சர்க்கரைய இப்படி வாரி இறைக்கிறீங்க?" என்றாள். "என் தங்கச்சிக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு"ன்னேன். "அப்ப நீங்க அங்க போயிடுவீங்கல்ல?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். பத்தாவது படிக்கும்போது நீ சொல்வாயே, வேலை கிடைத்ததும் உன்னை அழைத்துக்கொள்வேன், ஒரே விளக்கில் உட்கார்ந்து இரண்டு பேரும் படிப்போம் என்று. சின்னப் பிள்ளைப் பேச்சு. சும்மா ஞாபகம் வந்தது.

உன் அத்தான் போய் ஒரு வருஷம் இரண்டு மாதம். அவர் வேலை கொழுந்தன் நிமாய்க்குக் கிடைத்துவிட்டது. நானும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். இந்த வீடும் அவன் பெயருக்கு மாறிவிட்டது. ஆனால் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலகத்தில் உன் அத்தானின் அட்டை இன்னும் உயிரோடு இருக்கிறது. புதன்தோறும் அதில்தான் புத்தகம் எடுக்கிறேன். அங்கே உட்காரும் பாபு பதிவேட்டில் 'ஹரிபத மாலோ' என்று எழுதுவார். என் முகத்தைப் பார்க்காமல், "ஹரிபத பாபு இப்பல்லாம் நெறையப் படிக்கிறார்" என்பார். முத்திரை குத்திக் கொடுப்பார்.

இப்போது எடுத்திருப்பது 'மேற்கு வாசலின் சாவி'. மராட்டியக் குதிரைக்காரர்கள், அதுதான் பர்கிகள், வங்காளத்தைச் சூறையாடிய காலத்துக் கதை. ஷிமுல்கட் ஜமீன் மாளிகை. ஜமீன்தார் ஊரில் இல்லை. பெரிய ராணியும் சின்ன ராணியும் கூடப்பிறந்த அக்கா தங்கை. உள்ளே பூட்டியிருந்த மேற்கு வாசல் திறந்து கிடக்கிறது. வீடு சூறை. பெரிய ராணி வாசற்படியில் செத்துக் கிடக்கிறாள். திறந்தது யார்? ஜமீன் கணக்கெழுதும் கிழட்டு முன்ஷி ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே விசாரிக்கிறார். பன்னிரண்டாம் பக்கத்திலேயே எந்தப் புண்ணியவானோ ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறான்: "எல்லாம் சின்ன ராணியால்." அதிலிருந்து அவள் தண்ணீர் குடித்தால்கூட எனக்குச் சந்தேகம். சரி, முடிவில் பார்த்துக்கொள்வோம் என்று வந்தால், கடைசிப் பதினாறு பக்கம் இல்லை! யாரோ பிய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் நூலகத்தில் இருக்கிறதா பார்.

ஏன் நூலக முகவரி? வீட்டுப் பக்கம் தபால்காரர் வருவதில்லையா?

ஆசியுடன்,
மினு தீதி


கால்னா
25 நவம்பர் 1988

தீதிக்கு வணக்கம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கே இன்னும் அதிகமாக இருக்கும். சால்வை கிழியாமல் இருக்கிறதா?

புத்தகம் இருக்கிறது. எங்கள் பிரதியில் பென்சில் கிறுக்கல் இல்லை, பக்கங்களும் முழுசு. தபாலில் அனுப்ப அனுமதி இல்லை. கடைசிப் பதினாறு பக்கங்களையும் கையால் எழுதி அனுப்புகிறேன். முடிவை மட்டும் இரண்டு வரியில் சொல்லமாட்டேன். இந்த ஊரில் அது பெரிய குற்றம். போன வாரம் பத்திரிகை மேசையில் இரண்டு பெரியவர்கள், வேறொரு மர்மக் கதையைப் பற்றி:

"வைத்தியன்தான்னு மூணாவது அத்தியாயத்துலயே எனக்கு..."

"வாயை மூடுறியா? எனக்கு இன்னும் நாப்பது பக்கம் இருக்குடா!"

"வைத்தியன்னு மட்டுந்தானே சொன்னேன். விஷத்தை எதுல கலந்தான்னு சொன்னேனா?"

"நாசமாப் போவே. உன் ஈரல் வீங்க."

மறுநாள் தூறலில் இருவரும் ஒரே குடையில் வந்தார்கள். எனக்கு அப்படித் திட்ட ஓர் ஆள் இல்லையே என்று தோன்றியது.

மாவட்ட வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினேன். பர்கிகள் கட்வாவில் முகாம் போட்டது உண்மை. ஷிமுல்கட் என்று ஓர் இடம் இல்லை. கதாசிரியர் கட்டியது.

முகவரி விஷயம்: மாசிமா மறதிக்காரர். கடிதங்களை எங்கேயாவது வைத்துவிடுவார். அவ்வளவுதான்.

தபு


லம்டிங்
14 டிசம்பர் 1988

தபுவுக்கு ஆசி.

மாசிமாவுக்கு மறதி என்றாய். பாவம், வல்லாரைச் சாறு கொடு.

ஷிமுல்கட் இல்லை என்று நீ எழுதியதில் இரண்டு நாள் மனசு சரியில்லை. இல்லாத வீட்டின் வாசலுக்காக இவ்வளவு கவலைப்பட்டேனே! உன் வரலாற்றுப் புத்தகங்களில் ராஜாக்கள் எங்கே செத்தார்கள் என்று இருக்கிறது. அவர்கள் செத்த பிறகு வீட்டுப் பெண்கள் எங்கே படுத்துத் தூங்கினார்கள் என்று எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கத்தையும் எழுதி அனுப்பு.

நான் சமையலறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டேன். நிமாயின் பிள்ளை வளர்கிறான், அவனுக்கு அறை வேண்டும். அடுப்புச் சூடு முழங்காலுக்கு இதமாக இருக்கிறது.

உன் அறை எத்தனை முழம் நீளம்? படிக்கும்போது மனதில் வைத்துப் பார்க்கத்தான் கேட்கிறேன்.

மினு தீதி


கால்னா
12 ஜனவரி 1989

தீதிக்கு வணக்கம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எனக்கு இருமல், இப்போது பரவாயில்லை.

முதல் பத்துப் பக்கங்கள் இதோடு. மீதி ஆறு சீக்கிரம் வரும். நூலகத்தில் புத்தகங்களைச் சரிபார்க்கும் வேலை நடக்கிறது. ஏணியில் ஏறி இறங்கியே பொழுது போகிறது.

அறை ஏழு முழம் நீளம், ஐந்து முழம் அகலம். ஒரு கட்டில், ஒரு பெட்டி, சன்னல் வழியே ஒரு பலாமரம். இரண்டு பேர் படுத்தால் கதவு திறக்காது. மாசிமாவும் நான் வந்த அன்றே சொல்லிவிட்டார்: "ஒத்தப் பொண்ணுன்னுதான் குடுக்கறேன். நாளைக்கு நாலு பேர் வந்து நின்னா நான் பொல்லாதவ." தங்கமானவர்தான். கண்டிப்பு அதிகம்.

நீ கேட்ட பக்கத்தைத் தேடினேன். எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தபு


லம்டிங்
8 பிப்ரவரி 1989

தபுவுக்கு ஆசி. இருமலுக்குத் துளசியும் மிளகும் தட்டிப் போட்டுக் குடி.

பத்துப் பக்கமும் மனப்பாடம். சின்ன ராணி சொல்லாமல் ஆற்றுத்துறைக்குப் போயிருக்கிறாள், அதற்குள் பர்கி வருகிறான் என்று பறை அடித்து எல்லா வாசலையும் சாத்திவிட்டார்கள், அவள் வெளியே. அங்கே நிறுத்திவிட்டாயே! பிறகு?

வேறு புத்தகமும் கையில் இல்லை. நிமாய் தன் பெயரில் அட்டை வாங்கிக்கொண்டான், பழையதைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. "உன் அட்டையில ஒண்ணு எடுத்துக் குடுடா"ன்னேன். "என் பேர்ல கதைப் புஸ்தகமா அண்ணி? ரயில் யார்டுல சிரிப்பாங்க" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அலகாவின் அம்மா பங்குனியில் வந்து இவர்களோடே இருக்கப்போகிறாள். சமையலறையில் இரண்டு பாய் விரிக்க இடமில்லை.

தபு, ஒரே ஒரு முறை கேட்கிறேன். கால்னாவில் பீடிக் கம்பெனி உண்டா? என் விரல் இன்னும் மறக்கவில்லை. துலியானில் நமக்கு இருந்த வீடு கங்கைக்குள் போய்விட்டது, அங்கே திரும்ப வழியில்லை. மூலையில் ஒரு பாய் போதும், கதவு திறக்கும்போது சுருட்டிவிடுவேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது. அடுத்த வரியிலேயே கதையை எழுது. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன்.

மினு தீதி


கால்னா
6 மார்ச் 1989

தீதிக்கு வணக்கம். நலம். உன் நலம் வேண்டும்.

மீதி ஆறு பக்கங்கள் இதோடு. திறந்தது வாசல் காவல்காரன். பர்கிகளிடம் தங்கக் காசு வாங்கிக்கொண்டான். உன் பென்சில்காரன் பொய்யன். சின்ன ராணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இங்கே பீடிக் கம்பெனி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. விசாரிக்கிறேன். அடுத்த வருஷம் பெரிய அறையாகப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்.

தபு


லம்டிங்
22 மார்ச் 1989

தபுவுக்கு ஆசி.

ஆறு பக்கம் கிடைத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. காவல்காரன்தானா! சரி.

நான் நலம். உன் அத்தான் போனதிலிருந்து நான்தான் மீனை விட்டுவிட்டேன், எனக்கும் சேர்த்து நீ இரண்டு துண்டு சாப்பிடு.

மினு தீதி


கால்னா
19 ஜூன் 1989

மதிப்பிற்குரிய நிமாய்தாவுக்கு,

வணக்கம். வீட்டில் அனைவரும் நலம் என நம்புகிறேன். உங்களுக்கு எழுதுவது இதுவே முதல் முறை. கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

வருஷப் பிறப்புக்கு நான் தீதிக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டது. 'இந்த முகவரியில் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. மே மாதம் போட்டதும் அப்படியே. தீதி எங்கே இருக்கிறாள்? நீங்கள் அவளைப் பார்த்தால் இதனுடன் உள்ள உறையைக் கொடுத்துவிடவும். அதில் ஒன்றும் இல்லை, நலமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

தபதி ஹால்தார்


குவாஹாத்தி
2 ஆகஸ்ட் 1989

தபுவுக்கு ஆசி. நிமாய் டியூட்டியில் இந்தப் பக்கம் வந்தபோது உன் உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். நலமா என்று கேட்டிருந்தாய். நலம்.

ஏப்ரலிலிருந்து இங்கே கல்லூரிப் பெண்கள் விடுதியில் சமையல். படுக்கை சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில். பெண்கள் நல்லவர்கள். "மினுமாசி, பருப்புல இன்னிக்கு நீச்சல் அடிக்கலாம்போல இருக்கே" என்பார்கள். "அடி, முங்கிடாம அடி" என்பேன். பேச்சுக்குக் குறைவில்லை. எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு, பத்து மணியிலிருந்து மூன்று மணி வரைதான் கொஞ்சம் அதிகமாக அமைதியாக இருக்கும்.

ஒரு பெண் விடுமுறைக்குப் போகும்போது கட்டிலில் ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனாள். பச்சை அட்டை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடைசிப் பக்கம் வரை இருந்தது.

பெரிய ராணிதான் திறந்தாள். தங்கை வெளியே நின்று தட்டுகிறாள் என்று, எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று பிடித்து இழுக்க, அவளே சாவியைப் போட்டுத் திறந்தாள். மாந்தோப்பில் ஒளிந்திருந்த பர்கிகள் கூடவே நுழைந்துவிட்டார்கள். யாருக்காக வாசல் திறந்தது என்று சின்ன ராணிக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. காவல்காரன் காசு வாங்கிக்கொண்டு திறந்தான் என்று சொன்னாள். அவனைத் தூக்கில் போட்டார்கள்.

நீ எழுதி அனுப்பியதும் அதுதான். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாய்.

மார்ச்சிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த ஆசிரியர் பக்கத்துக்கு ஒருமுறை முன்ஷியை வெற்றிலை போட வைப்பார். நீ அனுப்பிய கடைசி ஆறு பக்கத்திலும் கிழவர் வாய் காலியாகவே இருந்தது. பாவம், அவருக்கு ஒரு வெற்றிலையாவது கொடுத்திருக்கலாம். மற்றபடி நன்றாகத்தான் எழுதுகிறாய்.

கோபம் இல்லை தபு. வருத்தம் இருந்தது, வேலை செய்யச் செய்யப் போய்விட்டது. இந்தக் கதைக்காக வெட்கப்பட்டு என்னை அங்கே கூப்பிடாதே. நீ சொல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது, அது தெரிகிறது. சொல்லவேண்டும் என்றால் சொல்.

மினு தீதி


கால்னா
28 செப்டம்பர் 1989

தீதியின் பாதங்களுக்கு வணக்கம். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

மாசிமாவுக்கு மறதி இல்லை. வீட்டைப் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம், "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார். நான் "யாரும் இல்ல மாசிமா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. அக்கா இருக்கிறாள் என்றால் எந்த ஊர், என்ன செய்கிறாள், அப்பா என்ன செய்தார் என்று கேட்பார். அப்பாவின் வலை, உன் பீடி, துலியான் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும். இந்தத் தெருவில் எல்லோர் வீட்டிலும் தாத்தா காலத்துப் புத்தக அலமாரி இருக்கிறது. யாரும் இல்லாதவளாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. யாரும் இல்லாதவளுக்குக் கடிதம் வரக்கூடாது இல்லையா? அதனால்தான் நூலக முகவரி.

பத்தாம் பக்கம்வரை எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பெரிய ராணி சாவியை எடுக்கிறாள். அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. ஒரு மாதம் பேனாவைத் தொடவில்லை. பிறகு உன் பிப்ரவரிக் கடிதம் வந்தது. அப்போதுதான் காவல்காரனை எழுதினேன். வரலாறு படித்தவள் நான், இருக்கும் ஏட்டைத் திருத்தினேன்.

நேற்று மாசிமா அரிவாள்மணையில் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தார். படியில் உட்கார்ந்து சொன்னேன்.

"மாசிமா, எனக்கு ஒரு அக்கா இருக்கா."

"போன வருஷம் யாருமே இல்லைன்னியே. திடீர்னு எங்கேர்ந்து மொளைச்சா?"

"அப்பவும் இருந்தா."

"சண்டையா?"

"இல்ல. நான்தான் சொல்லல. பீடி சுத்தி என்னைப் படிக்க வெச்சா. அதைச் சொல்ல வெக்கப்பட்டேன்."

அவர் கை நின்றது. என்னைப் பார்க்கவே இல்லை. நறுக்கிய துண்டுகளை ஒதுக்கிவிட்டு, "கூடப் பொறந்தவளப் போயி இல்லேன்ன வாயி" என்றார். நான் எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் கீழேயிருந்து குரல் வந்தது. "ஏய், உங்கக்கா பேசுவாளா?"

"நல்லாப் பேசுவா மாசிமா."

"பேசட்டும். உன்ன மாதிரி இன்னொரு ஊமை வந்துச்சுன்னா இது வீடா? கீழே தறி வெச்ச அறை சும்மாதான் கெடக்கு. பெருக்கி வை. வரதும் வராததும் அவ இஷ்டம்."

பெருக்கி வைத்திருக்கிறேன். வா என்று எழுத எனக்கு வாய் இல்லை. நீ கேட்டபோது எழுதியிருக்கவேண்டிய சொல் அது.

உண்மையான ஆறு பக்கங்களையும் எழுதி இணைத்திருக்கிறேன். நீ படித்துவிட்டாய், தெரியும். ஆனாலும் என் கையெழுத்தில் உன்னிடம் சரியானது இருக்கவேண்டும். முன்ஷி ஆறு முறை வெற்றிலை போடுகிறார்.

உறையின் பின்பக்கம் பார். அது வீட்டு முகவரி.

தபு


அஞ்சலட்டை
குவாஹாத்தி, 12 அக்டோபர் 1989

தபதி ஹால்தார்,
சாருபாலா தேவி அவர்கள் வீடு, மாடி, சித்தேஸ்வரி சந்து, கால்னா.

தபுவுக்கு விஜயா ஆசி. மாசிமாவுக்கு விஜயா வணக்கம்.

அஞ்சலட்டையில் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மாசிமா கையில் கிடைத்தால் அவரே சத்தமாகப் படித்துவிட்டு மாடிக்கு அனுப்பட்டும்.

ஆறு பக்கம் கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன், வெற்றிலை ஐந்து முறைதான். டிசம்பரில் விடுதியை ஒரு மாதம் பூட்டுவார்கள். அந்த ஒரு மாதத்துக்கு வருகிறேன். அதற்குமேல் இப்போது ஒன்றும் எழுதவேண்டாம். தறி அறையில் விளக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

இப்படிக்கு,
துலியானில் பீடி சுற்றிய, தபதியின் கூடப்பிறந்த அக்கா
மினதி மாலோ